கேட்டவர் கையொப்பம்

வடபகுதி வான்பறப்பு ஆராய்ச்சி, அவதானிப்பு, அறிவித்தல் மற்றும் பதிவுச் சபையின் பெயர்ப்பலகை பதினான்கு அடி நீளம். சபை இயங்கிய அறை பன்னிரண்டு அடி. மிச்ச இரண்டு அடியும் பக்கத்து வாழைக்குலைச் சங்கத்தின் சுவரில் ஏறி நின்றது. சங்கம் ஆட்சேபித்துக் கடிதம் எழுதியது. சபை பதில் எழுதியது. அந்தக் கடிதக் கோவைக்கு இலக்கம் 1. சபையின் முதல் ஆராய்ச்சி அதுதான்.

இது தொண்ணூறாம் ஆண்டின் கடைசியில். ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதிலிருந்து குண்டு போடும் விமானங்கள் வந்துபோய்க்கொண்டிருந்தன. நீர்வேலிச் சந்தியில் காலையில் சந்தை கூடும். விமானம் வருவது முன்கூட்டியே தெரிந்தால் சனம் பங்கர்க் குழிக்குள் இறங்கலாம். அதைத் தெரிவிப்பதற்காகச் சபையின் மாடி விறாந்தையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. ரயில் ஓடாததால் தண்டவாளத்துக்குப் பஞ்சமில்லை. விமானச் சத்தம் கேட்டதும் இரும்புக் கம்பியால் அதில் அடிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஆனால் சபையின் தலைவர் இராசநாயகம் முப்பத்தாறு வருடம் தபாலதிபராக இருந்தவர். செயலாளர் மார்க்கண்டு காணிப் பதிவு வேலையில் பிரதம எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். இரும்பை இரும்பால் அடிப்பதை அப்படியே விட்டுவிடக்கூடியவர்கள் அல்ல இருவரும்.

"ஐசே, கையொப்பமில்லாமல் அடிச்சால் அது வெறும் சத்தம்," என்றார் தலைவர். "கையொப்பம் வைச்சு அடிச்சால்தான் அது அறிவித்தல்."

ஆகவே படிவம் 7 பிறந்தது. சத்தம் கேட்ட நேரம், திசை, கேட்டவர் பெயர், கேட்டவர் கையொப்பம். மூன்று பிரதிகள். கார்பன் தாள் யாழ்ப்பாணத்துக்கு வருவதில்லை என்பதால் மூன்றையும் கையால் எழுத வேண்டும். முதற் பிரதியில் கையொப்பம் விழுந்த பின்புதான் தண்டவாளத்தில் அடிக்கலாம். மற்ற இரண்டையும் பங்கருக்குள் இருந்து எழுதுவதற்கு விசேட சலுகையாக அனுமதி உண்டு.

இந்தச் சபைக்குத்தான் கனிசியஸ் வேலைக்கு விண்ணப்பித்தார்.

குருநகர்க்காரர். பிறவியிலேயே காது கேளாது. தகப்பன் சிமியோன் கடலில் துடுப்பை நீருக்குள் இறக்கி, மேல்நுனியில் காதை வைத்து, மீன் கூட்டம் வருகிறதா என்று பார்ப்பாராம். மகன் அதே நுனியைப் பல்லால் கடித்தான். தகப்பனின் காதுக்கு வருவதற்கு முன்பே மகனின் தாடையெலும்புக்கு மீன் வந்துவிடும். பங்குச் சுவாமியார் ஒருவர் விடாமல் எழுதிய கடிதங்களின் பலனாக அவன் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனான். பொறியியலாளனானான். அங்கே ஒரு பறப்பு ஆராய்ச்சிக்கூடத்தில், விமானத்தின் இறக்கை எந்த வேகத்தில் நடுங்கத் தொடங்குகிறது என்று அளக்கும் வேலை. பதினொரு வருடம். இயந்திர இரைச்சல் தாங்காமல் அங்கு எல்லோருமே காதைப் பொத்திக்கொண்டு, எழுதிக் காட்டித்தான் வேலை செய்வார்களாம். ‘அங்கே நான் செவிடனில்லை’ என்று பின்னொருநாள் தன் சிலேற்றில் எனக்கு எழுதிக் காட்டினார். தகப்பனின் செத்தவீட்டுக்கு வந்த இடத்தில் பாதை பூட்டுப்பட்டு நின்றுவிட்டார்.

நேர்முகப் பரீட்சையில் தலைவர் வெற்றிலை போட்ட வாயோடு கேள்வி கேட்டார். கனிசியஸ் உதட்டசைவை வாசிப்பார். வெற்றிலையை அவரால் வாசிக்க முடியவில்லை. சிலேற்றை நீட்டி, எழுதித் தரும்படி சைகை காட்டினார்.

"எழுதினால் அது எழுத்துப் பரீட்சை," என்றார் மார்க்கண்டு. "இது வாய்மொழி. இரண்டையும் கலக்கேலாது."

கூட்டக் குறிப்பில் இப்படி இருக்கிறது: ‘பதினைந்து கேள்விகள் கேட்கப்பட்டன. விண்ணப்பதாரி ஒன்றையும் கேட்கவில்லை.’

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் வைத்தியப் படிவம் அவரைக் காப்பாற்றியது. அதில் ‘காதுகள்: இரண்டு / ஒன்று / இல்லை’ என்று ஒரு வரி. ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயா எட்டிப் பார்த்துவிட்டு ‘இரண்டு’ என்பதில் கோடிட்டார். தகைமை நிரூபணமாகிவிட்டது. தவிர, ஆண்டறிக்கையில் ஒரு இங்கிலாந்துப் பட்டம் இருப்பது நல்லது என்று தலைவருக்குப் பட்டது. ‘தற்காலிகப் பதில் உதவி ஆய்வாளர்’ என்று நியமனக் கடிதம் கொடுத்தார்கள்.

கனிசியஸ் மூன்று தகரப் பீப்பாக்களை வளவில் மூன்று மூலைகளில் பாதி புதைத்தார். லொறி ட்யூப்பை வெட்டி வாய்களில் இழுத்துக் கட்டினார். ஒவ்வொன்றின் நடுவிலிருந்தும் மெல்லிய கம்பி மாடிக்கு ஓடி ஒரு மரக்குச்சியில் முடிந்தது. மூன்று குச்சிகளையும் மாறி மாறிப் பல்லில் கடித்துப் பார்ப்பார். எந்தத் திசை, எத்தனை, பெரியதா சின்னதா என்று எழுதுவார். மற்றவர்களுக்குக் கேட்பதற்கு மூன்று நான்கு நிமிடம் முன்பே எழுதிவிடுவார்.

முதல் நாள் படிவம் 7இல் ‘சத்தம் கேட்ட நேரம்’ என்ற இடத்தில், ‘கேட்கவில்லை. உணர்ந்தேன்’ என்று எழுதி, நேரத்தையும் போட்டார். பொய் எழுதத் தெரியாத மனிதர். விமானம் அவர் எழுதியபடியே வந்தது. தண்டவாளத்தில் யாரும் அடிக்கவில்லை. குண்டு தோட்டத்துக்குள் விழுந்ததால் வாழைகளோடு போயிற்று.

சபை அவசரமாகக் கூடியது.

"கேக்காத பிளேனுக்கு நாங்கள் எப்பிடி அறிவித்தல் குடுக்கிறது?" என்றார் தலைவர். "நாளைக்கு ஆரும் வந்து எங்களைக் கேட்டால்?"

"படிவத்தைத்தான் மாத்தவேணும்," என்று வாழைக்குலைச் சங்கக்காரர் ஒருவர் வாசலில் நின்று சொன்னார்.

"படிவம் அச்சடிச்சாச்சு," என்றார் மார்க்கண்டு. "ஆளைத்தான் மாத்தலாம்."

ஆளையும் மாற்றவில்லை. பக்கத்தில் இன்னோர் ஆளைச் சேர்த்தார்கள். பதவியின் பெயர் ‘கேட்டவர்’. அது நான்.

என் பெயர் செல்வரட்ணம். ஊர் உடுப்பிட்டி. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடத்தோடு கணிதத்தை விட்டவன். பிறகு ஐஸ் ஆலையில் இரவுமுறை வேலை. மின்சாரம் நின்றதும் அதுவும் நின்றது. ஊரில் அம்மாவை யாராவது ‘மகன் என்ன செய்யிறார்?’ என்று கேட்டால், ‘பாத்துக்கொண்டிருக்கிறார்’ என்பாள். எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்கும் தெரியாது. நிரந்தர நியமனம் என்று எழுதிய ஒரு கடிதம் எனக்குத் தேவைப்பட்டது.

என் நேர்முகப் பரீட்சை சுலபம். மார்க்கண்டு என் முதுகுக்குப் பின்னால் போய்த் தன் கைமணிக்கூட்டைப் பிடித்தார்.

"கேக்குதோ?"

"ஓம், ஐயா."

"இப்ப?"

"மெல்லமாக் கேக்குது, ஐயா."

அந்த மணிக்கூடு ஆடி மாதமே நின்றுபோனது என்று பிறகு அறிந்தேன். அவரும் அறிந்திருக்கவில்லை.

வேலை நடந்த விதம் இது. கனிசியஸ் குச்சியைக் கடிப்பார். துண்டில் எழுதி நீட்டுவார். நான் அதைப் பார்த்துப் படிவம் 7ஐ நிரப்பி, கேட்டவர் என்ற இடத்தில் கையொப்பம் வைப்பேன். தண்டவாளத்தில் அடிப்பேன். எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. சனம் இறங்கிய பின்பு எனக்கும் கேட்கும்.

மாடிப்படிக்குக் கீழே அற்புதராணி தேத்தண்ணிக் கடை வைத்திருந்தாள். பனங்கட்டித் துண்டோடு வெறுந்தேத்தண்ணி. அவள் தண்டவாளச் சத்தத்துக்குக் காத்திருப்பதில்லை. கனிசியஸ் விறாந்தைக்கு வந்து தோளில் கிடக்கும் துவாயை உயர்த்தினால் போதும், அடுப்பில் தண்ணியை ஊற்றிவிட்டுச் சந்தைப் பக்கம் திரும்பிக் கத்துவாள்.

"செவிட்டையா வந்திட்டார்! ஓடுங்கோ!"

சனம் குலைகளைப் போட்டுவிட்டு ஓடும். நான் மேலே இரண்டாவது பெயரெழுத்தைக் கையொப்பமிட்டுக்கொண்டிருப்பேன். பிறகு தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும்போது அவள் கேட்பாள்:

"தம்பி, உங்கடை காது இண்டைக்கு எத்தினை மணிக்கு எழும்பினது?"

"அற்புதமக்கா, சும்மா இருங்கோ. செயலாளர் நிக்கிறார்."

"நிக்கட்டும். அவருக்கு நான் சீனி போட்டே குடுக்கிறன். அவர் எழுத, நான் ஓட."

கனிசியஸ் அவளுடைய உதட்டைப் படித்துவிட்டுச் சிரிப்பார். அவள் சொல்வது மட்டும் அவருக்கு எப்போதும் விளங்கியது. அவள் வெற்றிலை போடுவதில்லை.

ஒரு வருடத்தில் இருநூற்றுப் பதினெட்டு அறிவித்தல்கள். ஒன்றும் பிழையாகவில்லை. சந்தையில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. சபையின் புகழ் பரவியது. கரவெட்டியில் ஒரு கிளையும் உடுப்பிட்டியில் ஒரு கிளையும் திறந்தார்கள். அங்கே காது மட்டும் இருந்தது. பீப்பா இல்லை.

முதலாவது ஆண்டு விழாவில் தலைவர் நாற்பது நிமிடம் பேசினார்.

"தபாலதிபருக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். ஒழுங்கு! அதுதான் சம்பந்தம். முப்பத்தாறு வருடங்களில் உரியவரின் கையொப்பமின்றி ஒரு தந்தியையும் நான் கொடுத்தவனல்லன். பெறுநர் இறந்துவிட்ட வீடுகளிலிருந்து, ‘பெறுநர் கையொப்பமிட மறுத்துவிட்டார்’ என்று எழுதி, தந்தியைத் திருப்பிக் கொண்டு வந்திருக்கிறேன். அந்த அத்திவாரத்தின்மேல்தான் இந்தச் சபை நிற்கிறது. இச்சபையின் செவியாக விளங்கும் செல்வரட்ணத்துக்குச் ‘செவிச்செல்வர்’ என்ற பட்டத்தைச் சூட்டுகிறேன்."

பொன்னாடை போர்த்தினார்கள். சனம் கைதட்டியது. கனிசியஸ் கடைசி வரிசையில் இருந்தார். எல்லோரும் தட்டுவதைப் பார்த்து அவரும் தட்டினார். தலைவரின் வாயை அவ்வளவு தூரத்திலிருந்து வாசிக்க முடியாது. விழா முடிந்ததும் சிலேற்றை நீட்டினார்: ‘எதற்குக் கைதட்டினார்கள்?’

‘சபைக்கு’ என்று எழுதினேன்.

பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன். அதன் கரை வெளியே தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு சிலேற்றைத் துடைத்தார்.

தொண்ணூற்றிரண்டு தையில் மார்க்கண்டு மூன்று நிலையங்களின் படிவங்களையும் மேசையில் வரிசையாக விரித்தார். வேலையில்லாத நேரத்தில் ஒப்புநோக்குவது அவருக்குப் பழக்கம்.

"தம்பி, இஞ்சை வாரும். போன செவ்வாய், கரவெட்டியிலை கேட்டது ஒன்பது பதினாலு. உம்மடை படிவத்திலை ஒன்பது பதினொண்டு. பிளேன் கிழக்காலை வந்தது. கரவெட்டியைத் தாண்டித்தான் நீர்வேலிக்கு வரவேணும். அங்கை கேக்கமுதல் உமக்கு எப்பிடிக் கேட்டது?"

நான் படிவத்தை எடுத்து நேரத்தைத் திரும்பப் பார்த்தேன்.

"ஒரு நாளில்லை. கிளை திறந்த நாளிலை இருந்து உப்பிடித்தான். உது லேசான விசயமில்லை. பிளேன்காரனோடை உமக்கு ஏதும் தொடர்போ எண்டு ஆரும் கேக்கலாம்."

உண்மையைச் சொல்ல ஒரு வசனம் போதும்: ‘எனக்குக் கேட்கவில்லை, ஐயா. எல்லாம் இவர் அறிந்தது.’ சொன்னால் இருநூற்றுப் பதினெட்டுக் கையொப்பமும் பொய். பொன்னாடை போகும். நியமனம் போகும். கனிசியஸ் இரண்டு முழத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"மணிக்கூடு பிந்தி ஓடியிருக்கும், ஐயா."

மார்க்கண்டுவின் முகம் தெளிந்தது. மனிதர் தேடியது குற்றவாளியையல்ல, விளக்கத்தை. இருநூற்றுப் பதினெட்டுப் படிவங்களும் சிவப்பு மையால் திருத்தப்பட்டன. ஒவ்வொன்றிலும் நான்கு நிமிடம் கூட்டப்பட்டது. திருத்திய பின் பதிவேட்டின்படி, நாங்கள் ஒரு வருடமாகக் குண்டு விழும் நேரத்தில்தான் அறிவித்திருக்கிறோம். சனம் எப்படித் தப்பியது என்று பதிவேட்டில் இல்லை. அது சபையின் விடயமல்ல.

அதன்மேல் சுற்றறிக்கை 31 வந்தது. கேட்டவர் தன் சொந்தக் காதால் கேட்ட பின்பே கையொப்பமிட வேண்டும். உதவி ஆய்வாளர் விறாந்தைக்கு வருவதும் துவாய் முதலியவற்றை உயர்த்துவதும் அதிகாரமற்ற அறிவித்தலாகக் கருதப்படும். அவர் மறைப்புத் தட்டிக்குப் பின்னால் அமர்ந்து, தன் அவதானங்களை எழுத்தில் அனுப்பலாம். அவை உள்வரும் தபால் தட்டில் இடப்பட்டு, வந்த வரிசைப்படி கவனிக்கப்படும். மூன்று மாதம் பிழையின்றி நடந்தால் கேட்டவருக்கு நிரந்தர நியமனம்.

தட்டிக்குப் பின்னால் போன முதல்நாள் கனிசியஸ் சுற்றறிக்கையை இரண்டு தரம் வாசித்தார். பிறகு சிலேற்றில் எழுதினார்: ‘இது உனக்குச் சரியா?’

நான் தோளைக் குலுக்கினேன். அந்தச் சைகை எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான்.

அதன்பிறகும் தட்டியின் கீழிடைவெளியால் துண்டுகள் வந்தன. நான் தபால் தட்டில் போட்டேன். பிறகு எனக்குக் கேட்டது. கையொப்பம் வைத்தேன். அடித்தேன். சனம் முன்னைப்போல நேரத்தோடு ஓடி இறங்கவில்லை. விழுந்தெழும்பி ஓடியது. "தம்பி, காதுக்குச் சுகமில்லையோ?" என்று அற்புதராணி ஒருநாள் கேட்டாள். அன்று பகிடி அவள் முகத்தில் இருக்கவில்லை. "அவர் ஏன் வெளியாலை வாறேல்லை? நான் அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து நோகுது."

"சுற்றறிக்கை, அக்கா."

"அதெண்டால்?"

நான் மாடிப்படி ஏறினேன்.

மாசி மாதம், ஒரு புதன்கிழமை, பத்து நாற்பத்தொன்றுக்கு ஒரு துண்டு வந்தது. ‘கிழக்கு. இரண்டு. நேரே.’ அதைத் தட்டில் போட்டேன். என் மேசைக்கு முன்னால் மார்க்கண்டு நின்றுகொண்டிருந்தார். காலாண்டுப் பரிசோதனை. அடுத்த துண்டு வந்தது. ‘நேரே இங்கே.’ அதையும் போட்டேன். கனிசியஸ் தட்டியில் குத்தினார். பிறகு தட்டியைத் தள்ளி விழுத்திக்கொண்டு வெளியே வந்தார். கையில் கம்பியோடு குச்சி. என் கழுத்தைப் பிடித்து, குச்சியை என் பல்லுக்கிடையில் திணித்தார்.

பல் நடுங்கியது. தாடை நடுங்கியது. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு வரைக்கும் அது ஏறியது. ஒரு வருடமாக அவர் என்ன வாசித்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் அறிந்தேன். அவ்வளவு தெளிவாக என் வாழ்க்கையில் எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை.

மார்க்கண்டு குச்சியை என் வாயிலிருந்து இழுத்து எறிந்தார்.

"கேட்டுதோ?"

அவர் கையில் பேனை இருந்தது.

"இல்லை, ஐயா."

அது உண்மை. அந்த உத்தியோகத்தில் நான் சொன்ன முதலாவது உண்மை அதுதான்.

கனிசியஸ் விறாந்தைக்கு ஓடினார். மார்க்கண்டு வாசலில் குறுக்கே நின்று சுற்றறிக்கையை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார். என் பக்கத்தில் ஜன்னல். கீழே அற்புதராணி தெரிந்தாள். பழக்கதோசத்தில் அண்ணாந்து விறாந்தையைப் பார்த்தாள். அங்கே ஒருவருமில்லை. அவள் குனிந்து தேத்தண்ணியை ஆற்றத் தொடங்கினாள். ஜன்னலால் ஒரு சத்தம் போட எனக்கு வாய் இருந்தது. நான் காதைக் குவித்துக்கொண்டு நின்றேன்.

பத்து நாற்பத்துநான்குக்குக் கேட்டது. நேரம், திசை, பெயர், கையொப்பம். தண்டவாளத்தில் அடித்தேன். மூன்றாவது அடி எனக்கே கேட்கவில்லை.

நான்கு பேர். வாழைக்குலை கொண்டுவந்த இரண்டு பேர், சாமான் வாங்க வந்த ஒரு மனுசி, அற்புதராணி. அவள் தேத்தண்ணி காய்ச்சும் கேத்தில் ஒரு நெளிவும் இல்லாமல் படியில் கிடந்தது.

எட்டாம் நாள் விசாரணை. தலைவர் நடுவில், மார்க்கண்டு வலப்பக்கம். குறிப்பெடுக்க ஆளில்லாததால் நானே குறிப்பெடுத்தேன். சாட்சியும் நான்தான்.

"நாலு பேர் செத்தது கவலைதான், ஐசே," என்றார் தலைவர். "ஆனால் படிவத்தைப் பாரும். ஒரு வெட்டில்லை, ஒரு திருத்தமில்லை. சபை தொடங்கினதிலை இருந்து இப்பிடிச் சுத்தமான படிவம் எனக்கு வந்ததில்லை. இதுக்குத்தான் நான் பாடுபட்டனான்."

பிறகு கனிசியஸின்மேல் குற்றச்சாட்டுகள் வாசிக்கப்பட்டன. அனுமதியின்றி ஆசனத்தை விட்டது. தட்டியைச் சேதப்படுத்தியது. சபை உத்தியோகத்தர் ஒருவரின் பல்லை அங்கீகரிக்கப்படாத கருவியில் வைத்தது. கடைசியாக, பத்து நாற்பத்தொன்றுக்கே விடயத்தை அறிந்திருந்தும் அதை மற்றவர்களின் காதில் விழும்படி தெரிவிக்கத் தவறியது. நான்கும் நிரூபணமாகின. பறப்பு ஆராய்ச்சியில் அவருடைய உத்தியோகம், இங்கிலாந்தில் பதினொரு வருடம், நீர்வேலியில் பதினான்கு மாதம், அத்தோடு முடிந்தது.

"முடிக்கமுதல், அவருக்கு ஏதும் கேக்க இருக்குதோ எண்டு கேளும்," என்றார் தலைவர். "நீதியெண்டு ஒண்டு இருக்கு."

சிலேற்றில் எழுதிக் காட்டினேன். கனிசியஸ் அதை வாங்கித் துடைத்து, எழுதி, தலைவருக்குக் காட்டாமல் என் பக்கம் மட்டும் திருப்பினார். எனக்குப் பேச்சுத்தமிழில் எழுதினால் சுணங்காமல் விளங்கும் என்று நினைத்தாரோ தெரியாது.

‘தம்பி, ஏன் நிண்டனி?’

"என்னவாம்?" என்றார் தலைவர்.

சிலேற்றை வாங்கி என் சேட்டுக் கையால் துடைத்தேன்.

"ஒண்டுமில்லை, ஐயா."

இந்த முறை முகத்தைத் திருப்பவும் மறந்துவிட்டேன். அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி, மாடிப்படியில் கிடந்த கேத்திலை எடுத்துக்கொண்டு, குருநகர்ப் பக்கம் நடந்து போனார்.

குறிப்பில் எழுதினேன்: ‘திரு. கனிசியஸ் ஒன்றும் கேட்கவில்லை.’

தலைவர் அதை வாசித்துத் தலையை ஆட்டினார். "நல்ல வசனம். எப்பிடி வாசிச்சாலும் சரியாய் வருது." கையொப்பம் வைத்தார். தன் பையிலிருந்து என் நிரந்தர நியமனக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். குறிப்பின் மற்றப் பிரதிகளைத் தந்தபின் அதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

கார்பன் தாள் இன்னும் வந்திருக்கவில்லை. அந்த வசனத்தை நான் இன்னும் இரண்டு தரம் கையால் எழுதினேன்.